ஜெபித்தும் இருமல் நிற்கவில்லையா?

புதன்கிழமைக் கூட்டம்

மும்பையின் தேவ்நார் குப்பைமேடு 1927-ல் தொடங்கியது. அதைச் சுற்றி கோவண்டி வரை நெருக்கியடித்து வீடுகள், காற்றும் வெயிலும் எட்டாத கீழ்த்தள அறைகள். ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் வீட்டிலுள்ள அத்தனை பேரும் சுவாசிக்க வேண்டும். டிபி (காசநோய்) பரவ இதுவே போதும்.

இங்குள்ள தமிழர்கள் நோய் வந்தால் சாமியை விடுவதில்லை. மாஹிம் செயின்ட் மைக்கேல் கோயிலின் புதன்கிழமை நொவேனா ஜெபத்தில் இந்துக்களையும் பார்க்கலாம், சேடா நகர் முருகனுக்கு நேர்ந்துகொள்கிறவர்களையும் பார்க்கலாம். மாஹிமில் காணிக்கை வைக்கக் கை, கால், குழந்தை என்று உருவம் உருவமாக மெழுகு விற்கிறார்கள். நுரையீரல் மெழுகு என் கண்ணில் பட்டதில்லை.

கேட்டது கிடைத்ததுபோல் தெரியும்போது

ஜெபம் கேட்கப்படாததுபோல் தோன்றும் காலத்தைவிட, கேட்கப்பட்டதுபோல் தோன்றும் காலம்தான் டிபி நோயாளிக்கு அதிக ஆபத்து. மாத்திரை தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும். "ஆண்டவர் கண் திறந்துட்டார், இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார்கள். வேகமாகப் பெருகும் கிருமிகள்தான் அதற்குள் செத்திருக்கும். மந்தமாகக் கிடப்பவை பிழைத்திருக்கும். அவற்றைத் தீர்க்கத்தான் முதல் 2 மாதத்துக்குப் பிறகும் 4 மாதம் மருந்து. பாதியில் விட்டால் நோய் திரும்பும், மருந்துக்குக் கட்டுப்படாத டிபியாகவும் மாறலாம்.

இந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். பயப்பட வேண்டாம்.

"விசுவாசம் பத்தலை"

மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் தேறாதவரிடம் இப்படிச் சொல்வது கொடுமை. பைபிளில் அப்போஸ்தலர் பவுல் தன் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. அதே பவுல்தான் தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார், ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை.

கடவுளை நம்புவதும் சளிப் பரிசோதனை முடிவும் வேறு வேறு. முழு கோர்ஸ் முடித்தும் பிழைக்காதவர்கள் உண்டு. ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை. அந்த வீட்டுக்குப் போனால் காரணம் சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள், முடிந்தால் சோறு கொண்டு போங்கள்.

இருமல் நிற்காவிட்டால்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பு இருந்தால் அரசு மருத்துவமனையில் சளியைக் கொடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்கில் வரும். 2024 அக்டோபர் வரை அது 500 ரூபாய்தான்.

சிகிச்சை முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இழுத்த, மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்கு இப்போது பெடாகுவிலின், ப்ரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் சேர்ந்த 6 மாத சிகிச்சை உண்டு. இதில் லினசோலிடால் பாதம் மரத்துப்போகலாம், ரத்தம் குறையலாம், பார்வை மங்கலாம். பொறுத்துக்கொள்வது பக்தி அல்ல; அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார்.

நோயாளியுடன் வசிப்பவர்களுக்கு, முக்கியமாக 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, தடுப்பு மாத்திரை உண்டு. மருத்துவமனையில் அவர்களாகத் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.