அடைப்பான் ஸ்போரின் விழிப்பும் தடுப்பூசியின் செயலும்

மாலையில் நன்றாக மேய்ந்து திரும்பிய பசு, காலையில் தொழுவத்தில் இறந்து கிடக்கிறது. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் உறையாத கருங்குருதி கசிகிறது. கிராம மக்கள் அடைப்பான் என்று அஞ்சும் இந்நோயே மருத்துவ நூல்களில் ஆந்த்ராக்ஸ் எனப்படுகிறது. இறந்த கால்நடையின் இறைச்சி, தோல் ஆகியவற்றைக் கையாளும் மனிதரையும் இது தொற்றும். இதற்குக் காரணமான பாசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற பாக்டீரியா ஸ்போராக மாறுவதையும், ஸ்போர் மீண்டும் பாக்டீரியாவாவதையும் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1876-இல் விளக்கினார். ஸ்போர் மண்ணில் பல்லாண்டுகள் அழியாமல் கிடக்க வல்லது. ஆதலின் நோய் ஒருமுறை தோன்றிய மேய்ச்சல் நிலத்தில் அது மீண்டும் தலைகாட்டுவது வியப்பன்று.

உறக்க நிலை

ஸ்போரை விதையுடன் ஒப்பிடலாம். தடித்த உறைகளுக்குள் நீர் மிகக் குறைந்த உட்கரு உள்ளது. கால்சியத்துடன் இணைந்த டைபிகோலினிக் அமிலம் ஸ்போரின் உலர் எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் வரை இருக்கும். டி.என்.ஏ.வைச் சிறு புரதங்கள் போர்த்திக் காக்கின்றன. ரிபோசோம்களும், ஆர்.என்.ஏ.வை உருவாக்கும் நொதியும் உள்ளே ஆயத்தமாக உள்ளன. ஆயினும் அவற்றை இயக்கத் தேவையான ஏ.டி.பி. என்னும் ஆற்றல் பொருள் இல்லையென்றே சொல்லலாம். ஆலை இருக்கிறது, மின்சாரம் இல்லை என்பதே இந்நிலை.

விழிப்பும் புரத உற்பத்தியும்

கால்நடையின் உடலுக்குள் ஸ்போர் புகுந்ததும், அங்குள்ள அலனின் போன்ற அமினோ அமிலங்களும் இனோசினும் அதைத் தூண்டுகின்றன. சில நிமிடங்களிலேயே டைபிகோலினிக் அமிலம் வெளியேறுகிறது, நீர் உட்புகுகிறது, வெப்பத்தைத் தாங்கும் ஆற்றல் மறைகிறது. சேமிப்பில் இருந்த பாஸ்போகிளிசரிக் அமிலத்திலிருந்து முதல் ஏ.டி.பி. கிடைக்கிறது. பழைய ஆர்.என்.ஏ. சிதைந்து புதிய ஆர்.என்.ஏ.வுக்கு மூலப்பொருளாகிறது. டி.என்.ஏ.வைப் போர்த்தியிருந்த புரதங்கள் சிதைந்து புதிய புரதங்களுக்கு அமினோ அமிலங்களைத் தருகின்றன. இவ்வாறு, வெளியிலிருந்து உணவு வருமுன்பே ஸ்போர் தன் கையிருப்பைக் கொண்டு தொழிலைத் தொடங்கிவிடுகிறது.

முதலில் ஆர்.என்.ஏ., அடுத்துப் புரதம், பின்னரே டி.என்.ஏ. பெருக்கம் என்பது பொதுவான வரிசை. விழிப்பின் முதற்கட்டத்திற்கே புதிய புரதம் தேவையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தேவை என 2015-இல் ஜெருசலேம் ஹீப்ரூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூறினர். வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தனர். எனினும் ஸ்போர் முழுப் பாக்டீரியாவாக வளரப் புதிய ஆர்.என்.ஏ.வும் புரதமும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. நோயை விளைவிக்கும் நச்சுப் புரதங்களும் இவ்வளர்ச்சிக்குப் பின்னரே உருவாகின்றன.

ராணிப்பேட்டையின் பணி

1932-இல் தொடங்கப்பட்ட ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பூசி தயாரிக்கும் நிலையங்களுள் ஒன்று. கால்நடைகளுக்கான இத்தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள ஸ்போர்களே. தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1937-இல் அறிவித்த வலுவிழந்த வகை இதற்கு அடிப்படையாகும். இவ்வகை நச்சுப் புரதங்களை உண்டாக்கும். ஆனால் பாக்டீரியாவைக் காக்கும் வெளியுறையை அதனால் உண்டாக்க இயலாது. எனவே அது உடலில் பெருகி நோய் தர முடிவதில்லை. ஊசியிடப்பட்ட ஸ்போர் விழித்து, ‘பாதுகாப்பு ஆன்டிஜென்’ என்னும் புரதத்தைத் தயாரிக்கிறது. அப்புரதத்தை அடையாளம் கண்டே கால்நடையின் உடல் எதிர்ப்பாற்றல் பெறுகிறது.

ஸ்போருக்குப் பதிலாக இப்புரதத்தை மட்டும் தடுப்பூசியாக்கும் முயற்சியும் உண்டு. தில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இத்துறையில் ஆய்வு செய்துள்ளது. 1986-இல் அமைக்கப்பட்டு, லோதி ரோட்டில் இயங்கும் உயிரி தொழில்நுட்பத் துறை இத்தகைய ஆய்வுகளை ஊக்குவித்து வருகிறது.

நடைமுறைப் பயன்

இவ்வறிவு ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. டெட்ராசைக்ளின், ஸ்டிரெப்டோமைசின் ஆகியவை புரத உற்பத்தியைத் தடுப்பவை, ரிபாம்பிசின் ஆர்.என்.ஏ. உற்பத்தியைத் தடுப்பது, பெனிசிலின் செல்சுவர் உருவாவதைத் தடுப்பது. உறங்கும் ஸ்போரில் இத்தொழில்கள் நடைபெறாமையால் இம்மருந்துகள் அதை அழிப்பதில்லை. 2001-இல் அமெரிக்காவில் கடிதங்கள் வழியே ஆந்த்ராக்ஸ் பரப்பப்பட்டபோது, ஸ்போர்களைச் சுவாசித்திருக்கக் கூடியவர்களை 60 நாட்கள் மருந்து உண்ணுமாறு அறிவுறுத்தியது இதனால்தான். காலந்தாழ்ந்து விழிக்கும் ஸ்போர்களையும் மருந்து எதிர்கொள்ள வேண்டுமல்லவா?

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. தடுப்பூசி போடும் நாட்களை ஒட்டி நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரப்பட்டால், தடுப்பூசியின் ஸ்போர் விழித்தும் வளர இயலாது போகும், ஊசி வீணாகும். ஆகவே அண்மையில் கால்நடைக்கு என்ன மருந்து தரப்பட்டது என்று கேட்டறிந்த பின்னரே ஊசியிட வேண்டும்.

அடைப்பானால் இறந்ததாக ஐயுறும் கால்நடையை அறுத்தலும் தோலுரித்தலும் கூடாது. பாக்டீரியா ஸ்போராக மாறக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் தேவை. திறக்கப்படாத உடலில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அழுகலால் சில நாட்களில் மடிகின்றன. திறந்தால் கோடிக்கணக்கான ஸ்போர்கள் மண்ணில் சேர்கின்றன. கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்து, உடலை எரிப்பது அல்லது ஆழப் புதைப்பது முறையாகும்.

ஒரே ஒரு பசுவை இழந்த ஏழைக் குடும்பத்திற்கு அதன் தோல் விலையும் பெரிதாகத் தோன்றலாம். அந்தத் தோலுடன் ஊரின் மேய்ச்சல் நிலமே பறிபோகக்கூடும் என்பதை அவர்களுக்குப் பொறுமையுடன் விளக்குவதும், உரிய உதவி அவர்களை விரைவில் சென்றடையச் செய்வதும் விரிவாக்கப் பணியாளர்களின் கடமை. ஆண்டுதோறும் உரிய பருவத்திற்கு முன் போடப்படும் தடுப்பூசியும், திறக்கப்படாத சடலமும் சேர்ந்தே இந்நோயின் சுழற்சியை அறுக்கும்.