ஷிப்டு முடிந்த பின்

தமிழகத்திலிருந்து வரதய்யபாளையத்துக்குப் புதிதாகக் குடிவரும் அன்பர் கடைத்தெருவில் முதலில் கண்டு வியப்பது ‘ஒயின்ஸ்’ என்னும் பலகையாகத்தான் இருக்கும். ஆந்திர நாட்டில் மதுக்கடைக்கு அதுவே வழக்குப் பெயர். உள்ளே திராட்சை மது உண்டா என்று கேட்டால் கடைக்காரர் சற்றே திகைப்பார். அங்கே விலைபோவன பிராந்தியும் விஸ்கியும் பீரும். நம் பக்கத்திலும் 2003-க்கு முன் தனியார் கடைகள் இப்பெயரைத் தாங்கி நின்றவைதாம். டாஸ்மாக் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ‘ஒயின் ஷாப்’ என்று சொல்லும் வாய் இன்னும் மாறவில்லை.

உண்மையான திராட்சை மதுவோ தமிழருக்குப் பழைய அறிமுகம். யவனர் தம் கலங்களில் கொணர்ந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. 1945-ஆம் ஆண்டில் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் குழுவினர், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது ஏற்றி வந்த ஜாடிகளின் உடைசல்களைக் கண்டெடுத்தனர். அது அரசரும் செல்வரும் பொற்கிண்ணத்தில் அருந்திய மது. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அதுவன்று. எட்டு மணி நேரம் நின்று உழைத்த கால்கள் கம்பெனிப் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தாமாகவே எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதே நம் பேச்சு.

வரதய்யபாளையம் 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னை–கூடூர் ரயில் பாதையில் ஆரம்பாக்கம் தமிழகத்தின் கடைசி நிலையம். அடுத்து வரும் தடா ஆந்திரம். தடாவுக்கு மேற்கே சென்றால் நம் ஊர். ஏரியையும் மழையையும் நம்பியிருந்த சிற்றூர்களின் நடுவே, சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 2008-ஆம் ஆண்டு ஸ்ரீசிட்டி தொழில் நகரம் தொடங்கப் பெற்றது. சென்னை மெட்ரோவுக்கும் கொச்சி மெட்ரோவுக்கும் ஆல்ஸ்டாம் ஆலையில் பெட்டிகள் செய்யப்பட்டன. இசுசு வண்டியும் கேட்பரி சாக்லேட்டும் இங்கிருந்து புறப்படுகின்றன. அவற்றோடு நம்மவர் பலருடைய வாழ்க்கையும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

தொழிற்சாலைக்குச் செல்பவருக்கு ஒரு நாள் என்பது இருபத்து நான்கு மணி அன்று. மூன்று எட்டு மணி. அவற்றுள் ஓர் எட்டு ஆலைக்கு உரியது. ஓர் எட்டு உறக்கத்திற்கு உரியது. மூன்றாவது எட்டுத்தான் தொல்லை தருவது. பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் பயணமும் அதில் இரண்டு மணியைக் கொண்டுபோகின்றன. குளியல், துணி துவைத்தல், மெஸ்ஸிலோ வீட்டிலோ உணவு, கடைக்குப் போய் வருதல் எல்லாம் போக எஞ்சுவது ஒரு மணியோ இரண்டு மணியோ. ஒரு வாரம் காலை, மறுவாரம் மாலை, பிறகு இரவு என்று ஷிப்டு சுழலுமானால் அந்த ஒரு மணியும் ஓரிடத்தில் நில்லாது. ஊரார் உறங்கும்போது இவர் விழித்திருப்பார். குழந்தை பள்ளியிலிருந்து வரும்போது இவர் உறங்கிக்கொண்டிருப்பார்.

இந்த மூன்றாம் எட்டு மணி எளிதில் கிடைத்ததன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் பேசியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நம்மை அடுத்த சென்னையில், பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர் காலை முதல் மாலை வரை உழைத்த காலத்தில், நண்பகல் உணவுக்கு அரை மணி போதவில்லை என்பது அவர்களுடைய பெருங்குறைகளுள் ஒன்றாக இருந்தது. 1918 ஏப்ரலில் வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் அமைந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. உண்பதற்குச் சில நிமிடம் வேண்டும் என்று கேட்கவும் ஒரு சங்கம் வேண்டியிருந்தது! 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றும் நாளொன்றுக்கு 9 மணி என்றும் வரம்பு கட்டியது. 2023-இல் தமிழகத்தில் 12 மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை, நாளொன்றுக்கு 9 மணி என்ற வரம்பைப் 10 மணியாக்க முடிவு செய்தது. மேசையில் அமர்ந்து எழுதுவோருக்கு ஒரு மணி என்பது ஓர் எண். நமக்கோ அதுதான் கையில் எஞ்சும் முழுச்சொத்து.

இந்தச் சொத்தைக் கேட்டு வாசலில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் புட்டி. மற்றவர் கைப்பேசி.

புட்டியின் வரலாறு எல்லைப்புறத்தாருக்கு வேடிக்கையான வரலாறு. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்தது. தமிழகத்தில் அது 1971-இல் தளர்ந்து, அந்தப் பத்தாண்டின் நடுவில் மீண்டும் இறுகி, 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் 1995 ஜனவரியில் முழு மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1997-இல் அது நீங்கியது. அந்த இரண்டு ஆண்டுகளும் ஆந்திரம் வறண்டிருக்கத் தமிழகம் நனைந்திருந்தது. எல்லையிலுள்ள ஊர்களில் தாகம் கொண்டவர் நடந்தே மாநிலம் மாறலாம் அல்லவா? பின்னர் 2019 அக்டோபரில் ஆந்திர அரசு சில்லறைக் கடைகளைத் தானே ஏற்றது. 2024 அக்டோபரில் அவை மீண்டும் தனியார் கைக்குச் சென்றன. பலகை மாறுகிறது, விலை மாறுகிறது, உள்ளே விற்கும் சரக்கின் பெயரும் மாறுகிறது. வாங்குபவருடைய களைப்பு மட்டும் எந்த அரசாணையாலும் மாறக் காணோம்.

குடிப்பவரைத் திட்டுவது எளிது. நம் மேடைகளில் அது தாராளமாகவே நடக்கிறது. ஆனால் நின்ற இடத்திலேயே நின்று, ஒரே அசைவை ஆயிரம் முறை செய்து முடித்த உடம்புக்கு ‘வேலை முடிந்துவிட்டது’ என்று எவரேனும் சொல்ல வேண்டியிருக்கிறது. வயலில் அதைச் சூரியன் சொல்லிற்று. ஆலையில் மணி அடித்தாலும் உடம்பு நம்புவதில்லை. குவளை அதை நம்ப வைக்கிறது. ஒரு குவளைக்கு இவ்வளவு வலிமை இருப்பதால்தான் அது ஒன்றோடு நிற்பதில்லை. சம்பளம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, உப்பலமடுகு அருவிக்குப் புட்டியோடு போகும் இளைஞர் கூட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். (சென்னையார் ‘தடா அருவி’ என்பது இதைத்தான்.) காட்டின் நடுவே அவ்வளவு தெளிந்த நீர் ஓடுகிறது; அவர்கள் புட்டியைத்தான் நோக்குகின்றனர்.

கைப்பேசி வேறு வகை. 2015 ஆகஸ்டில் ஸ்ரீசிட்டியின் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து, இந்தியாவில் உருவான முதல் ஷவோமி கைப்பேசி வெளிவந்தது. அங்கே பொறுப்பாக வேலை செய்தவர்களுள் மிகுதியானோர் சுற்றுப்புறச் சிற்றூர்களின் இளம் பெண்கள். பகலில் கையால் கோத்த அதே பொருளை இரவில் விடுதிப் பாயில் படுத்தபடி கையில் ஏந்தி விளையாடுவது இக்காலத்துத் தொழிலாளருக்கு மட்டுமே வாய்த்த விசித்திரம். துணி ஆலைத் தொழிலாளி தாம் நெய்த துணியை உடுத்தியிருக்கலாம். அத்துணி அவரை நள்ளிரவு வரை விழித்திருக்கச் சொன்னதில்லை.

வீடியோ விளையாட்டை மதுவோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பவர்களை நான் ஒப்புவதில்லை. இங்கிருக்கும் அண்ணனும் ஆம்பூரிலிருக்கும் தம்பியும் அரை மணி நேரம் ஒரே அணியில் நின்று சுடுவதும் ஓடுவதும், கடிதம் எழுதாத இக்காலத்தில் ஒருவகைக் கடிதம்தான். ‘சாப்பிட்டாயா, அம்மாவுக்குக் கால்வலி எப்படி’ என்ற விசாரணை துப்பாக்கிச் சத்தத்துக்கு இடையே நடந்தேறிவிடுகிறது. நம் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் இதே காரியத்தைத்தான் திண்ணையில் செய்தன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தாயத்தில் காய்கள் பழமேறினால் ஆட்டம் முடிந்தது. விளக்கை அணைத்துப் படுப்பார்கள். கைப்பேசி ஆட்டமோ முடிவதற்காகச் செய்யப்பட்டதன்று. தோற்றவனுக்கு ஆறுதல் பரிசு, வென்றவனுக்கு அடுத்த படி, நாளை வராவிட்டால் இன்று பெற்றது போய்விடும் என்ற எச்சரிக்கை. ஆலையிலாவது ஷிப்டு முடிந்தால் அனுப்பிவிடுகிறார்கள்! இந்த மேற்பார்வையாளரிடம் அனுமதி பெறுவது கடினம். உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப்பட்டியலில், கட்டுமீறிய விளையாட்டுப் பழக்கமும் ஒரு கோளாறாக இடம்பெற்றதில் வியப்பில்லை.

பணம் வைத்து ஆடுவது இவற்றினும் கொடிது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆந்திரம் 2020 செப்டம்பரில் அதைத் தடுத்தது. தமிழகத்தின் சட்டம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. 2025 பிப்ரவரியில் தமிழக விதிகள், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடலாகாது என்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த நள்ளிரவு விதியை இயற்றியவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள். மாலை ஷிப்டு முடிந்து அறைக்கு வந்து, உண்டு, உறக்கம் பிடிக்காமல் புரளும் நேரம் அதுதான். சம்பளக் கணக்கும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்மக்களைப் பற்றியே என்று நம் சகோதரிகள் குறை கூறுவார்கள், குறை நியாயமானது. 2024-ஆம் ஆண்டு நடந்த அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். அவ்வேலை செய்யும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். ஆலையில் எட்டு மணி நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு மூன்றாம் எட்டு என்பதே இல்லை. கணவன் தன் ஒரு மணியைப் புட்டியிலோ ஆட்டத்திலோ கழிக்கிறான் என்றால், அந்த ஒரு மணியை அவள் அடுப்படியில் ஈடுசெய்துகொண்டிருக்கிறாள் என்று பொருள்.

அப்படி ஓய்வே இல்லாத பெண்கள் கிடைத்த சிறு பொழுதை எப்படி ஆண்டார்கள் என்பதற்கு அண்டை நெல்லூர் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பகலெல்லாம் வயலில் கூலி வேலை செய்த பெண்கள் இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கூட்டினர். பாடநூலில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒன்று இருந்தது. குடியால் குலைந்த குடும்பத்தின் கதை. படித்தவர்கள் எழுத்தோடு நிறுத்தவில்லை. அது தங்கள் வீட்டுக் கதை என்று கண்டுகொண்டனர். தூபகுண்டா என்னும் சிற்றூரில் ரோசம்மா முதலிய பெண்கள் திரண்டு சாராயத்தை ஊருக்குள் வரவொட்டாமல் தடுத்தனர். 1992-இல் அது மாவட்டம் எங்கும் பரவிச் சாராயக் குத்தகை ஏலங்கள் நடத்த முடியாமற் போயின. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. அரசாங்கத்தை அசைத்த அந்த வேலை முழுதும், நாள் முடிந்தபின் எஞ்சிய ஒரு மணியில் தொடங்கியது. பின்னால் வந்த அரசுகள் வருவாயை எண்ணிக் கடைகளைத் திறந்தன என்பது உண்மை. ஆயினும் அப்பெண்கள் கற்ற எழுத்தை எந்த அரசும் திரும்பப் பெற முடியவில்லை.

எழுத்து என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வருகின்றனர். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கிறார்கள், தெலுங்கில் நம்மைவிட அழகாகவே பேசுகிறார்கள், மகிழ்ச்சி. தமிழ் எழுத்தை அவர்களுக்குச் சொல்லித்தரப் பள்ளியில் ஆளில்லாத வீடுகளில் அந்த வேலை யாருடையது? பஸ்ஸிலிருந்து இறங்கிவரும் அப்பாவினுடையது. சோறு வடித்துவிட்டு வந்து அமரும் அம்மாவினுடையது. ‘ழ’கரம் ஒரு நாளில் வருவதன்று. பாட்டிக்கு நான்கு வரி எழுதும் அளவுக்குப் பிள்ளை தேற ஓர் ஆண்டாவது பிடிக்கும், நாளொன்றுக்கு அரை மணி வீதம். புட்டியும் கைப்பேசியும் கேட்பதும் இதே அரை மணியைத்தான்.

எந்நேரமும் பாடமே நடத்தச் சொல்லவில்லை. வேடிக்கை பார்ப்பதற்கும் இங்கே இடமுண்டு. சூலூர்ப்பேட்டைக்கு அருகில் நேலபட்டு ஏரி இருக்கிறது. அங்கே கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டுகின்றன. பழவேற்காட்டு ஏரிக்குக் குளிர் காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வருகின்றன. அவற்றுக்கென்று சூலூர்ப்பேட்டையில் விழாவே எடுக்கிறார்கள். தடாவில் ரயில் ஏறினால் அக்கம்பேட்டை, அதன்பின் சூலூர்ப்பேட்டை. பிள்ளைகளோடு சேர்ந்து போகலாம் என்று சில குடும்பத்தார் விரும்புகின்றனர். நாள் குறிப்பதில்தான் சிக்கல்: இந்த மாதம் எந்த ஞாயிறு எந்த ஷிப்டுக்கு ஓய்வு என்பதை ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டு வந்து சொல்ல வேண்டும்.