சிறுநீரகம் கொடுத்தவரையும் கவனிப்போம்

மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின், சிறுநீரகம் பெற்றவருக்கு மாத்திரைப் பட்டியலும் பரிசோதனை நாள்களும் உண்டு. கொடுத்தவரோ, நம் நாட்டில் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி, சில வாரங்களில் அடுக்களைக்குத் திரும்பிவிடுகிறார். அவரது எடை கூடுவதை வீட்டில் எவரும் பொருட்படுத்துவதில்லை.

எஞ்சிய சிறுநீரகம் சில மாதங்களில் சற்றே பருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த பணியில் ஏறத்தாழ 65 முதல் 70 விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது. இயல்பு வாழ்வுக்கு அது போதும். ஆகவே கிரியேட்டினின் அளவு முன்பைவிடச் சிறிது கூடியிருப்பின் கலங்க வேண்டாம். அஞ்ச வேண்டியவை தொப்பை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையே. உடல் பருக்கும்போது வடிகட்டும் சுமை ஏறுகிறது; பங்கிட்டுக்கொள்ள மற்றொரு சிறுநீரகம் இல்லை. இரத்த உறவினருக்குக் கொடுத்தவராயின், அதே நீரிழிவு குடும்பவழியில் இவரையும் நெருங்கக்கூடும்.

உடல் தேறட்டும் என்று நெய்யும் இனிப்பும் ஊட்டுவது அன்புதான், ஆயினும் வேண்டாதது. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இக்கணக்கில் சேரும். மருத்துவர் இசைவு தந்தபின் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் தாமாக வாங்கி உண்ணலாகாது.

இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நலம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும். தமக்கென ஒரு நாள் ஒதுக்க இவர்கள் தயங்குவர். பெற்றவர் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே உடன் அழைத்து வாருங்கள்.