லின் சோன்டெக் எல்பி12

லின் சோன்டெக் எல்பி12 என்பது இசுக்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த லின் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் உயர்தர இசைத்தட்டுச் சுழற்றி ஆகும். 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த இக்கருவி இன்றும் உற்பத்தியில் உள்ளது. வினைல் இசைத்தட்டுகளைக் கேட்பவர்களிடையே, சாதாரணச் சுழற்றியிலிருந்து உயர்தரச் சுழற்றிக்கு மாறுவது பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் இதன் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை. ஒட்டுமொத்தமாக மாற்றாமல், உறுப்பு உறுப்பாகப் பல ஆண்டுகளில் மேம்படுத்திக்கொள்ளக் கூடியது என்பதே இதன் தனித்தன்மை. இதன் புகழுக்கும், இதைச் சுற்றிய தீராத வாதங்களுக்கும் அதுவே காரணம் எனலாம்.

தோற்றம்

கிளாஸ்கோவின் காசில்மில்க் பகுதியில் ஜாக் டீஃபன்புருன் என்பவர் காசில் பிரிசிஷன் எஞ்சினியரிங் என்னும் துல்லிய எந்திர உறுப்புத் தொழிலகத்தை நடத்திவந்தார். அவருடைய மகன் ஐவர் டீஃபன்புருன் இசை ஆர்வலர். அவர் தொடங்கிய லின் நிறுவனம், அருகிலுள்ள லின் பூங்காவின் பெயரைக் கொண்டது. 1973 இல் இந்நிறுவனம் முறைப்படி பதிவு பெற்றது.

எல்பி12 வெற்றிடத்திலிருந்து தோன்றியதல்ல. அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1961 இல் வெளியிட்ட அக்கூஸ்டிக் ரிசர்ச் எக்ஸ்ஏ என்னும் மலிவான சுழற்றியிலேயே மூன்று சுருள்வில்களில் மிதக்கும் உட்சட்டமும், ரப்பர் பெல்ட் மூலம் சுழற்றும் முறையும் இருந்தன. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ் நிறுவனத்தின் டிடி 150 இவ்வழியைப் பின்பற்றியது. இதே அமைப்புடைய அரிஸ்டன் ஆர்டி11 என்னும் சுழற்றிக்கான உறுப்புகளை டீஃபன்புருன் குடும்பத் தொழிலகமே செய்து கொடுத்தது. அரிஸ்டனுக்கும் எல்பி12 இற்கும் இடையிலான ஒற்றுமை வெளிப்படையானது. ஒற்றைப் புள்ளியில் நிற்கும் தாங்கியை உண்மையில் வடிவமைத்தவர் யார் என்பது குறித்து லின் நிறுவனத்துக்கும் அரிஸ்டனின் ஹாமிஷ் ராபர்ட்சனுக்கும் இடையே காப்புரிமைப் பிணக்கு எழுந்தது. எனவே எல்பி12 இன் சிறப்பு புதிய கண்டுபிடிப்பில் இருப்பதைவிட, தெரிந்த ஒரு வடிவமைப்பை எந்திரத் துல்லியத்துடன் செய்ததிலும், அதைக் கைவிடாமல் ஐம்பது ஆண்டுகள் திருத்திக்கொண்டே வந்ததிலும் உள்ளது என்பது பொருந்தும்.

இயங்கும் முறை

நல்ல சுழற்றி ஏன் தேவை என்பதை அறிய, இசைத்தட்டின் அளவுகளைச் சற்று நோக்க வேண்டும். 12 அங்குல நீள்நேர இசைத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழல்கிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. தட்டின் வெளி விளிம்பில் பள்ளவரி ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர். மையத்தை ஒட்டிய கடைசிப் பாடலில் இது ஏறத்தாழ 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. எனவே 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஓர் ஒலியின் முழு அலை, தட்டின் உட்பகுதியில் 0.021 மில்லிமீட்டர் நீளத்திற்குள் அடங்கிவிடுகிறது. மனித முடியின் தடிமனைவிட இது குறைவு. மெல்லிய ஒலிகளின் வீச்சு இதனினும் மிகச் சிறியது.

ஊசியின் அசைவை மின்னலையாக மாற்றும் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அசையும் சுருள் வகைக் கார்ட்ரிட்ஜ்களில் இது அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. குறுந்தட்டு இயக்கியின் 2 வோல்ட்டுடன் ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு சிறியது. மேலும், தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகள் குறைக்கப்பட்டும் உயர்ந்த ஒலிகள் கூட்டப்பட்டும் பதியப்படுகின்றன. 1954 முதல் பொதுவாக ஏற்கப்பட்ட இந்த அளவுகோலின்படி, திரும்பக் கேட்கும்போது மிகை செய்யும் கருவி 20 ஹெர்ட்ஸ் ஒலியை 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட ஏறத்தாழ 9 மடங்கு கூடுதலாகப் பெருக்குகிறது. இங்கேதான் சிக்கல். மின்னோடியின் அதிர்வும், தாங்கியின் உராய்வும், தரையில் நடப்பவரின் காலடியும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை. அவை ஊசியை எட்டினால் இசையோடு சேர்ந்து, இசையைவிடக் கூடுதலாகவும், பெருக்கப்படும். ஊசிக்கு இசையின் அசைவு எது, மேசையின் அசைவு எது என்று பிரித்தறியத் தெரியாது.

எல்பி12 இதற்கு அளிக்கும் விடை பிரித்து வைத்தல் ஆகும். மரச்சட்டத்தின் மேல் எஃகுத் தகடு ஒன்று உள்ளது. மின்னோடி இத்தகட்டில் பொருத்தப்பட்டுள்ளது. தகட்டிலிருந்து மூன்று சுருள்வில்களில் உட்சட்டம் தொங்குகிறது. சுழல்தட்டின் தாங்கியும், டோன் ஆர்ம் எனப்படும் ஊசிக்கரமும் இந்த ஒரே உட்சட்டத்தில் உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து அதிர்வு வந்தால் இரண்டும் சேர்ந்தே அசைகின்றன. அதனால் ஊசிக்கும் பள்ளவரிக்கும் இடையிலான நிலை மாறுவதில்லை. ஊஞ்சலில் அமர்ந்து எழுதுபவரின் ஏடும் எழுதுகோலும் சேர்ந்தே ஆடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

சுழல்தட்டு துத்தநாகக் கலப்புலோகத்தால் ஆன இரு பகுதிகளைக் கொண்டது. உட்தட்டைச் சுற்றி ரப்பர் பெல்ட் ஓடுகிறது. நெகிழும் பெல்ட்டும் கனமான தட்டும் சேர்ந்து, மின்னோடியின் நுண்ணிய துடிப்புகளை வடிகட்டும் எந்திர வடிப்பானாகச் செயல்படுகின்றன. தட்டின் அச்சு கீழ்முனையில் கூராக்கப்பட்டு, எண்ணெய்க் கிணற்றுக்குள் ஒரே புள்ளியில் நின்று சுழல்கிறது.

பல்லாண்டுகள் பயன்பட்ட மின்னோடி 24 முனைகள் கொண்ட ஒத்தியங்கு வகையைச் சேர்ந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது நிமிடத்திற்கு 250 முறை சுழலும். 33⅓ ஐப் பெற 7.5 மடங்கு குறைப்பு தேவை. உருளைக்கும் உட்தட்டுக்கும் உள்ள விட்ட வேறுபாடு அதைத் தருகிறது. இவ்வகை மின்னோடியின் வேகத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தமன்று, மின்சாரத்தின் அதிர்வெண். வேகம் ஒரு விழுக்காடு பிறழ்ந்தால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் ஆறில் ஒரு பங்கு விலகும். நிலையான சிறு பிறழ்வைப் பலரும் உணர்வதில்லை. ஆனால் வேகம் மெல்லக் கூடிக் குறைந்தால் பியானோவின் நீண்ட ஒலிகள் நடுங்குவது எவர் காதுக்கும் எட்டிவிடும்.

மூலமே முதன்மை

1970களில் ஒலியமைப்பு வாங்குவோரிடையே, பணத்தின் பெரும்பகுதியை ஒலிபெருக்கிக்கே செலவிட வேண்டும் என்ற கருத்து பரவலாக இருந்தது. சுழற்றி வெறுமனே சுழன்றால் போதும் என எண்ணினர். டீஃபன்புருன் இதைத் தலைகீழாக்கினார். தட்டிலிருந்து எடுக்கப்படாத தகவலை மிகைப்பியோ ஒலிபெருக்கியோ பின்னர் உண்டாக்க முடியாது. எனவே முதலில் மேம்படுத்த வேண்டியது சுழற்றியே என்பது அவருடைய வாதம். அதன் பின் ஊசிக்கரம், அதன் பின் கார்ட்ரிட்ஜ், கடைசியாகவே ஒலிபெருக்கி. இவ்வரிசை பிரித்தானியக் கடைகளில் ஏறத்தாழ விதியாகவே மாறியது. விளக்கிக் காட்டும் அறையில் ஒரே ஒரு இணை ஒலிபெருக்கிகள் மட்டுமே இருக்க வேண்டும், பயன்படாத பிற ஒலிபெருக்கிகள் உடன் அதிர்ந்து ஒலியைக் கெடுக்கும் என்றும் லின் வலியுறுத்தியது.

இவ்வாதத்தின் முதற்பகுதி தருக்கத்தில் சரியானது. ஆனால் அதிலிருந்து, எந்த அளவு செலவுக்கு எந்த அளவு பயன் என்பது தானாகப் பெறப்படுவதில்லை. அறையின் எதிரொலியும் ஒலிபெருக்கியின் குறைகளும் அளவில் மிகப் பெரியவை. நல்ல நிலையிலுள்ள இடைநிலைச் சுழற்றியின் குறைகள் அவற்றைவிடச் சிறியவை. கடைக்காரரின் அறையில் கேட்டு வாங்கியதை வீட்டில் கேட்டு ஏமாறியவர்கள் அனைவரும் செவிக்குறை உள்ளவர்கள் அல்லர்.

மேம்பாடுகள்

1982 இல் வெளிவந்த வால்ஹாலா என்னும் மின்சுற்று, படிகத்தின் துணையால் நிலையான அலையை உண்டாக்கி மின்னோடிக்கு அளித்தது. 1990 இல் வந்த லிங்கோ இதைத் தனிப் பெட்டிக்கு மாற்றியதுடன், 45 சுழற்சி வேகத்தையும் பொத்தான் மூலம் பெறச் செய்தது. அதுவரை 45 சுழற்சித் தட்டுகளைக் கேட்க உருளையின் மேல் தனி வளையம் ஒன்றை மாட்ட வேண்டியிருந்தது. உயர்ந்த விலை கொடுத்தவர் ஒவ்வொரு சிறிய தட்டுக்கும் பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார் என்பது சற்று வேடிக்கையானதே.

1993 இல் வந்த சர்க்கஸ் தாங்கித் தொகுதியே பலரும் பெரிய திருப்பமாகக் கருதுவது. பழைய எல்பி12 இன் தாழ்ந்த ஒலிகளில் ஒரு கனிந்த திரட்சி இருந்தது. சர்க்கஸ் அதைக் கட்டுப்படுத்தியது. இது திருத்தமா, இழப்பா என்பதில் உரிமையாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. பின்னர் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கப்பட்ட கீல் என்னும் உட்சட்டமும், 2009 இல் நேர்மின்னோட்ட மின்னோடியுடன் ராடிகலும், 2020 இல் கரௌசல் என்னும் புதிய தாங்கியும் வந்தன. இவற்றைப் பழைய கருவிகளிலும் பொருத்தலாம். 1970களில் வாங்கிய ஒன்றில் தாங்கி, உட்சட்டம், மின்னோடி, ஊசிக்கரம், மின்வழங்கி யாவும் மாறி, மரச்சட்டமும் சுழல்தட்டும் மட்டும் எஞ்சியிருப்பது அரிதன்று.

இக்கொள்கைக்கு இரு முகங்கள் உண்டு. வாங்கியது வீணாகாது என்பது ஒன்று. வாங்கி முடிவதே இல்லை என்பது மற்றொன்று.

மேலும், சுருள்வில்களின் இறுக்கத்தைச் சரிசெய்வது எளிய வேலையன்று. உட்சட்டம் பக்கவாட்டில் ஆடாமல், நேர் மேலும் கீழுமாக மட்டும் அசையும்படி அமைக்க வேண்டும். இதற்குத் தனித் தாங்குசட்டமும் பயிற்சியும் தேவை. கருவியை இடம் மாற்றும்போது அமைப்பு குலையலாம். கார்ட்ரிட்ஜின் எடை மாறினாலும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். மரப்பலகைத் தளம் கொண்ட பிரித்தானிய வீடுகளில் நடந்தாலே ஊசி குதிக்கும் என்பதால், பலர் சுவரில் பதித்த தாங்கியின் மேல் இதை வைக்கின்றனர். திண்ணிய காங்கிரீட் தளத்தில் இத்தொல்லை மிகக் குறைவு.

எதிர்க் கருத்துகள்

எல்லா வடிவமைப்பாளர்களும் சுருள்வில்லை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் ரீகா நிறுவனத்தைச் சேர்ந்த ராய் காண்டி, எடை குறைந்த, விறைப்பான சட்டமே சிறந்தது என்னும் வழியைத் தேர்ந்தார். ரீகாவின் பிளானர் 3 மிகக் குறைந்த விலையில் நற்பெயர் பெற்றது. சப்பானின் டெக்னிக்ஸ் நிறுவனம் பெல்ட்டையே நீக்கி, மின்னோடியின் அச்சிலேயே தட்டைப் பொருத்தியது. 1970களின் இறுதியில் வந்த அதன் எஸ்எல்-1200எம்கே2 இன் வேக நடுக்கம் 0.025 விழுக்காடு மட்டுமே. அளவீட்டில் இது பெல்ட் சுழற்றிகள் பலவற்றை வென்றது. எனினும் அக்காலப் பிரித்தானிய இதழ்கள் பல இதை நடன அரங்கின் கருவியாகவே பார்த்தன. அளவீடு முழுமையற்றது என்று ஒரு சாராரும், காது பழக்கத்திற்கும் விலைக்கும் ஆட்படுவது என்று மறு சாராரும் கூறினர்.

இரண்டாம் கருத்துக்கு வலுவூட்டும் நிகழ்வு ஒன்று 1984 இல் நடந்தது. டீஃபன்புருன் எண்முறை ஒலிப்பதிவைக் கடுமையாகச் சாடிவந்தவர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி லிப்ஷிட்சும் பிறரும் நடத்திய மறைநிலைச் சோதனையில், இசைத்தட்டிலிருந்து வரும் ஒலியின் வழியில் சோனியின் எண்முறைக் கருவி ஒன்று இடையிடையே நுழைக்கப்பட்டது. அது நுழைக்கப்பட்டதை அவரால் நம்பகமாகக் கண்டறிய முடியவில்லை. சோதனைக்கு அவர் தாமே உடன்பட்டு அமர்ந்தது குறிப்பிடத்தக்கது. அதற்கு இசைந்தவர்கள் அத்துறையில் மிகச் சிலரே.

2022 இல் இதையொத்த செய்தி மீண்டும் வந்தது. முழுவதும் ஒப்புமை முறையில் செய்யப்படுவதாகப் பலரும் நம்பி வாங்கிய மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் விலையுயர்ந்த இசைத்தட்டுகள் பலவற்றில், 2011 தொடங்கி எண்முறைப் படி ஒன்று பயன்படுத்தப்பட்டது வெளிப்பட்டது. அத்தட்டுகளை மிகச் சிறந்தவை என முன்பு புகழ்ந்தவர்களுள் உயர்தரச் சுழற்றி உடையோரும் அடங்குவர். தட்டுகள் நன்றாக ஒலித்தன என்பது பொய்யாகிவிடவில்லை. ஏன் நன்றாக ஒலித்தன என்ற விளக்கமே பொய்யானது.

மாறுவதற்கு முன்

பழைய சுழற்றியின் ஒலி மங்கியிருந்தால் முதலில் ஐயுற வேண்டியது ஊசியையே. வைர ஊசியும் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்த ஊசியில் தட்டையான முகங்கள் உருவாகி, அவற்றின் விளிம்புகள் பள்ளவரியின் சுவரைச் சீவுகின்றன. சீவப்பட்ட உயர் ஒலிகள் எந்த விலையுள்ள சுழற்றியாலும் மீளாது. அரிய பதிவுகளை வைத்திருப்போருக்குச் சுழற்றியின் பெயரைவிட இது முதன்மையானது. ஊசியின் அழுத்தம் குறைவாக இருப்பது தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் தவறானது. அழுத்தம் போதாவிடில் ஊசி பள்ளவரியில் ஒட்டாமல் துள்ளி, கூடுதல் சேதம் விளைவிக்கும். தயாரிப்பாளர் குறித்த அளவு, பெரும்பாலும் 1.5 முதல் 2 கிராம் வரை, அதையே பின்பற்ற வேண்டும்.

எல்பி12 இல் 78 சுழற்சி வேகம் இல்லை. 1950கள் வரையிலான தமிழ்த் திரைப்பாடல்களும் கருநாடக இசையும் பெரும்பாலும் 78 சுழற்சி அரக்குத் தட்டுகளிலேயே வெளிவந்தன. அவற்றைச் சேகரிப்போருக்கு இக்கருவி பயன்படாது. வேகம் இருந்தாலும் போதாது. நீள்நேரத் தட்டின் ஊசிமுனை ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர், அரக்குத் தட்டுக்குத் தேவையானது ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர். சிறிய ஊசி அகன்ற பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலையே எடுக்கும்.

இன்றைய நிலை

லின் நிறுவனமும் எண்முறைக்கு மாறாமல் இல்லை. குறுந்தட்டு இயக்கிகளைச் செய்து, 2007 இல் வலையமைப்பு வழி இசை இயக்கிகளையும் வெளியிட்டது. 2009 இன் இறுதியில் குறுந்தட்டு இயக்கிகளின் உற்பத்தியை நிறுத்தியது. எல்பி12 ஐ நிறுத்தவில்லை. அமெரிக்காவில் 2020 இல் வினைல் தட்டுகளின் விற்பனை வருவாய் 1980களுக்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளை மிஞ்சியது. 2022 இல் எண்ணிக்கையிலும் மிஞ்சியது.

2023 இல் நிறுவனத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, ஆப்பிள் நிறுவனத்தின் முன்னாள் வடிவமைப்பாளர் ஜோனி ஐவின் லவ்ஃபிரம் குழுவுடன் இணைந்து எல்பி12-50 என்னும் சிறப்புப் பதிப்பு வெளியிடப்பட்டது. 250 கருவிகள் மட்டுமே செய்யப்பட்டன. ஒன்றின் விலை 50,000 பவுண்டு. பீச் மரத் தகடுகளை மிகுந்த அழுத்தத்தில் இணைத்துச் செய்த பெட்ராக் என்னும் சட்டம் இதில் இடம்பெற்றது. பின்னர் அச்சட்டம் பழைய எல்பி12 உரிமையாளர்களுக்கும் மேம்பாடாக விற்கப்பட்டது.