நீர்க் கசிவைத் தடுப்பது ஒவ்வொரு வீட்டினரதும் கடமை

வரட்சிக் காலங்களில் மன்னாரிலும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிகளிலும் மக்கள் குடங்களுடன் பவுசருக்காகக் காத்திருக்கும் காட்சி எமக்குப் புதியதல்ல. வற்றாத ஆறு எதுவுமற்ற குடாநாட்டின் தேவைக்காக 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தாளையடியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரை வழங்கும் கொள்ளளவு அதற்கு உண்டு. உப்பை அகற்றுவதற்குப் பெருமளவு மின்சாரம் செலவாகின்றது. இவ்வளவு பாடுபட்டுப் பெறும் நீர் வீட்டுக் குழாயில் சொட்டி வீணாவதை மட்டும் நாம் பொருட்படுத்துவதில்லை.

ஒழுகும் குழாயின் கீழ் ஒரு கோப்பையை வைத்துப் பார்ப்போம். 200 மில்லிலீற்றர் கோப்பை கால் மணி நேரத்தில் நிரம்புமாயின், நாளொன்றுக்கு 19 லீற்றருக்கு மேல் வீணாகின்றது. ஆண்டொன்றில் அது 7,000 லீற்றர், அதாவது 7 அலகுகள். பாவனை கூடக் கூட ஓர் அலகுக்கான கட்டணமும் உயர்வதால் இழப்பு இரட்டிப்பாகின்றது.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காட்டிக்கொடுப்பது நீர்மானியே. இரவு உறங்கச் செல்லுமுன் எல்லாக் குழாய்களையும், நீர்த்தாங்கிக்குச் செல்லும் வால்வையும் மூடிவிட்டு, சிவப்பு இலக்கங்கள் உட்பட நீர்மானியின் அளவையும் தாங்கியின் நீர்மட்டத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரவில் நீரைப் பயன்படுத்தாதிருந்தும் காலையில் நீர்மானியின் அளவு கூடியிருப்பின், அதிலிருந்து நேரடியாக நீர் பெறும் குழாய் வழியில் கசிவு உண்டு. நீர்மட்டம் குறைந்திருப்பின், தாங்கியிலோ அதிலிருந்து வீட்டினுள் செல்லும் குழாய்களிலோ கசிவு உண்டு.

ஓசையின்றி அதிக நீரை விழுங்குவது மலசலகூட நீர்த்தொட்டியாகும். அதனுள் சிறிதளவு உணவு வர்ணத்தைக் கலந்து அரைமணி நேரம் பொறுத்திருப்போம். நீரைத் திறந்துவிடாமலேயே கோப்பையில் நிறம் தெரிந்தால், அடியிலுள்ள றப்பர் மூடி தேய்ந்திருக்கலாம். அல்லது மிதவை அளவுக்கு மேல் உயர்ந்திருப்பதால் நீர் வழிந்தோடலாம். மூடியை மாற்றுவதோ மிதவையைத் தாழ்த்துவதோ பெரிய வேலையன்று.

சொட்டும் சாதாரண திருகு குழாய்க்குப் பெரும்பாலும் புதிய வாசர் ஒன்றே போதும். பிரதான வால்வை மூடி, குழாயில் எஞ்சிய நீரை வெளியேற்றிய பின்னர், மேற்பகுதியைக் கழற்றித் தேய்ந்த வாசரை மாற்றலாம். குழாயை மேலும் மேலும் இறுக்கிப் பூட்டுவது வாசரை விரைவில் பழுதாக்குமேயன்றிக் கசிவை நிறுத்தாது. நிலத்தடிக் குழாய் வெடித்திருப்பின் அனுபவமுள்ள குழாய் பொருத்துநரை அழைப்பதே உகந்தது.

வீட்டில் கவனமாயிருக்கும் நாம் பாடசாலைகளிலும், கோயில்களில் கால் கழுவும் இடங்களிலும், பள்ளிவாசல்களில் வுழூச் செய்யும் இடங்களிலும் ஒழுகும் குழாய்களைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்கிறோம். கட்டணம் எமது கையிலிருந்து செல்லாமையே அதற்குக் காரணம். வீதியில் குழாய் வெடித்திருப்பின் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு 1939 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

எமது வீட்டில் வீணாகும் ஒவ்வொரு குடம் நீரும், பவுசருக்காகக் காத்து நிற்கும் ஒரு தாய் தேடும் நீரென்பதை மறவாதிருப்போமாக.