மீதி எட்டுத் தண்டு

செலரி வாங்குகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். ஞாயிற்றுக்கிழமை ஃப்ரைடு ரைஸ் செய்யலாம் என்று ஒரு கட்டு வாங்குவோம். இரண்டு தண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டதும் அதன் வேலை முடிந்துவிடும். மீதி எட்டுத் தண்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். புதன்கிழமை எடுத்துப் பார்த்தால் கயிறுபோலத் துவளும். வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போகும். என் வீட்டில் இது எத்தனை முறை நடந்தது என்று கணக்கு வைக்கவில்லை.

ஒருமுறை மனம் கேட்காமல் அந்த எட்டையும் பொரியல் செய்து பார்த்தேன். கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய் தாளித்து, நறுக்கிய செலரியைப் போட்டு, கை நிறையத் தண்ணீர் தெளித்து, பத்து நிமிடம் மூடிவைத்து, கடைசியில் தேங்காய்ப்பூ. பீன்ஸுக்குச் செய்கிற அதே முறை. வந்தது பொரியலாக இல்லை. மெல்ல மெல்ல வாயில் நார் மட்டும் மிஞ்சியது. நொறுநொறுப்பும் இல்லை, குழைவும் இல்லை. தப்பு செலரியுடையதா என்னுடையதா என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான் இந்தக் காய் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

முதலில் ஒரு திருத்தம். நாம் தண்டு என்று சொல்வது தண்டே இல்லை, இலைக்காம்பு. ஒவ்வொரு 'தண்டின்' உச்சியிலும் கொத்தமல்லியை ஊதிப் பெருக்கியதுபோல இலை இருப்பதைப் பாருங்கள். அந்த இலையைத் தாங்குகிற காம்புதான் முழ நீளத்துக்கு வளர்ந்து நிற்கிறது. செடியின் உண்மையான தண்டு, எல்லாக் காம்புகளும் வந்து சேர்கிற அந்தக் குட்டையான அடிக்கட்டை. அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறோம். ஆனாலும் கடையில் போய் இலைக்காம்பு கேட்க முடியாது. இங்கேயும் தண்டு என்றே சொல்லிக்கொள்வோம்.

அந்தக் காம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். ஆனாலும் அது குச்சிபோல நிமிர்ந்து நிற்கிறது. எப்படி? காற்றடித்த சைக்கிள் டியூபை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நீர் நிறைந்த ஒரு பை இருக்கிறது. அது உள்ளிருந்து செல்சுவரை அழுத்துகிறது. இந்த விறைப்பழுத்தம்தான் தண்டை நிமிர்த்தி வைக்கிறது. கடிக்கும்போது விறைத்து நிற்கும் செல்கள் வரிசையாக உடைகின்றன; அந்த 'டக்' சத்தம் அதுதான். எலும்பு முறிகிற ஓசைக்கு ஹாலிவுட்டின் ஒலிக்கலைஞர்கள் மைக் முன்னால் செலரிக் கட்டைத்தான் முறிப்பார்கள். திரையில் வில்லனின் கை ஒடியும்போது நாம் கேட்டது காய்கறியாக இருக்கலாம்.

ஃப்ரிட்ஜின் வறண்ட காற்றில் தண்ணீர் போனதும் டியூபில் காற்று இறங்கியது மாதிரி தண்டு துவள்கிறது. ஆனால் செல்கள் சாகவில்லை. அடிநுனியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் அரை மணி, ஒரு மணி நேரம் போட்டுவைத்தால் சவ்வூடு பரவலால் தண்ணீர் உள்ளே ஏறி மறுபடி விறைத்துவிடும். புதன்கிழமைச் செலரியைக் காப்பாற்ற இவ்வளவு போதும். அழுகி வழவழப்பானதை மட்டும் எதுவும் காப்பாற்றாது.

அடுத்தது நார். தண்டின் வெளிமுதுகில் வரிவரியாக மேடு தெரிகிறதல்லவா, ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஒரு நார் ஓடுகிறது. பலரும் அதை நீர் ஏறுகிற குழாய் என்று நினைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் செலரியை நிறுத்திவைத்து, ஏறுகிற நிறத்தைக் காட்டுவார்களே, அந்தச் சைலம் குழாய்க் கற்றைகள் சற்று உள்ளே தள்ளி இருக்கின்றன. பல்லில் சிக்குகிற முரட்டு நாரில் பெரும்பங்கு கோலங்கைமா என்ற வேறொரு திசு. சுவர் தடித்த, உயிருள்ள செல்கள். வளைந்தாலும் ஒடியாமல் காம்பைத் தாங்குவதுதான் அவற்றின் வேலை. கலிபோர்னியாவில் கேத்தரின் எசாவ் என்ற தாவரவியலாளர் 1936-இல் செலரிக் காம்பின் திசுக்களைப் பற்றி விரிவாக எழுதினார். குழாய்க் கற்றையைவிடக் கோலங்கைமா இழைதான் வலிமையானது என்பது அதில் தெரியவந்தது. தண்ணீர் போதாமல் வளர்ந்த செடியில் இந்த நார் இன்னும் முரடாக இருக்கும்.

இதற்கு மருந்து நமக்குத் தெரியாததல்ல. வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கும்போது விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுக்கிற பழக்கம் நம் அடுப்படியில் காலங்காலமாக உண்டு. செலரிக்கும் அதே விரல் போதும். அடிநுனியில் கத்தியை லேசாகச் செருகி, நாரைப் பிடித்து மேல்நோக்கி இழுத்தால் நீளமாக உரிந்து வரும். வெளித்தண்டுகளுக்கு மட்டும் செய்தால் போதும். நடுவில் இருக்கும் வெளிர்ந்த இளந்தண்டுகளுக்கு வேண்டாம். உரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் குறுக்கே மெல்லியதாக வெட்டட்டும். நார் போகாது, நீளம் போய்விடும். பல்லுக்கு அது போதும்.

இனி வாசனை. செலரியைப் பிடிக்காதவர்கள் எல்லோரும் சொல்கிற காரணம் இது. ஆனால் செலரி நமக்கு அந்நியம் இல்லை. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், பெருங்காயம், கேரட், வல்லாரை எல்லாம் ஒரே குடும்பம்; பூக்கள் குடைபோல விரிகிற குடும்பம். செலரியும் அந்தக் குடையின் கீழ்தான் வருகிறது. அதன் விதை பஞ்சாபில் விளைந்து ஏற்றுமதியாகிறது. நம் பக்கத்தில் நீலகிரிக் குளிரில், 'இங்கிலீஷ் காய்' என்று மலைக்காரர்கள் சொல்லும் வரிசையில், தண்டுச் செலரி விளைகிறது.

அந்த வாசனையைத் தருபவை தாலைடு என்ற சேர்மங்கள். இவற்றின் குணம் விசித்திரமானது. 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் செலரியின் இந்த வாசனைப் பொருட்களைக் கோழிச் சாற்றில் மிகக் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். செலரியின் வாசனை முந்தி நிற்காமல் சாற்றின் சுவை கூடியது. சமையல்காரர்கள் இதை ஆய்வுக்கூடம் இல்லாமலே கண்டுகொண்டிருந்தார்கள். இத்தாலியில் குழம்புக்கு முதலில் வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் பொடியாக அரிந்து எண்ணெயில் வதக்குவார்கள். பிரான்சிலும் அதே மூன்று. அமெரிக்காவின் லூசியானாவில் கேரட்டுக்குப் பதில் குடைமிளகாய். மூன்று ஊரிலும் செலரி முகம் காட்டாது. அது இல்லாவிட்டால் மட்டும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். நம் சாம்பாரில் பெருங்காயத்துக்கு இருக்கிற இடம்.

காட்டுச் செலரி ஐரோப்பிய, மத்தியதரைக் கடலோரச் சதுப்புகளில் வளர்வது. கசப்பும் நெடியும் மிகுந்தது. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த மாலைகளில் அதன் இலையும் கோக்கப்பட்டிருந்தது. கிரேக்கத்தின் நேமியா விளையாட்டுகளில் வென்றவருக்கு அதைத்தான் முடியாகச் சூட்டினார்கள். தலையில் வைக்கிற செடியாக இருந்ததை வாயில் வைக்கிற காயாக்கியவர்கள் இத்தாலிய, பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் காம்பைப் பருக்கவைத்து, மண் அணைத்து, வெயில் படாமல் வெளுக்கவைத்து, கசப்பைக் குறைத்தார்கள். ஆசியாவில் வேறொரு கிளை இருக்கிறது. சீனச் செலரியின் காம்பு மெல்லியது, உள்ளே கூடு, இலை அதிகம், வாசனை இரட்டிப்பு. மலேசியாவில் 'டாவுன் சூப்', அதாவது சூப் இலை, என்று கட்டிக் கொடுப்பது இந்த வகையைத்தான். அங்குள்ள தமிழ் வீடுகளுக்கு அது பழகிய கீரை.

என் பொரியல் ஏன் கெட்டது என்பதற்கு இப்போது வருகிறேன். செல்லையும் செல்லையும் ஒட்டவைக்கும் பசை பெக்டின். எண்பது, எண்பத்தைந்து டிகிரி வெப்பத்தைத் தாண்டினால்தான் அது கரையத் தொடங்கும், அதுவும் மெதுவாக. ஆனால் செல்சவ்வு அதற்கு வெகு முன்பே, அறுபது டிகிரி அளவிலேயே, கிழிந்து தண்ணீர் ஒழுகிவிடும். ஆக, அடுப்பில் ஏறிய செலரிக்கு ஒரு கெட்ட காலம் உண்டு: விறைப்பு போயிருக்கும், பசை இன்னும் இளகியிருக்காது. அந்தக் கட்டத்தில் இறக்கினால் துவண்ட நார்தான். சில நிமிடங்களில் தொடங்கும் அந்தக் காலம் எளிதில் முடியாது. என் பொரியல் பத்தாவது நிமிடத்தில் இறங்கியது.

கெட்ட காலத்துக்கு முன்பே எடுத்துவிடுவது ஒரு வழி. சீன வீட்டுச் சமையல் இதில் தேர்ந்தது. அங்கே செலரி சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற தனிக் காய். வாணலியில் எண்ணெய் புகையும் தறுவாயில் பூண்டைப் போட்டு, உடனே சாய்வாக நறுக்கிய செலரி, கூடவே நீர் பிழிந்து இறுக்கிய டோஃபுத் துண்டுகள். பெரிய தீயில் இரண்டு நிமிடம் புரட்டி, சோயா சாஸ் ஒரு சுற்று விட்டு இறக்கிவிடுவார்கள். மூடக் கூடாது, தண்ணீர் தெளிக்கக் கூடாது. உப்பை முதலில் போட்டால் அது செல்லிலிருந்து நீரை இழுத்து, வதக்கலை வேகவைத்தலாக மாற்றிவிடும், எனவே கடைசியில்தான். அதிலும் கையடக்கம் வேண்டும். சதுப்பு நிலத்து வாரிசு என்பதால் 100 கிராம் செலரியிலேயே ஏறத்தாழ 80 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. வெள்ளரியில் அது இரண்டு, மூன்றுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வடசீனத்தின் வேர்க்கடலைச் செலரி. வாணலியில் வேலையே இல்லாத தொடுகறி. பச்சை வேர்க்கடலைப் பருப்பை ஊறவைத்து, உப்பும் ஓர் அன்னாசிப்பூவும் போட்டு வேகவைத்து ஆறவிடுங்கள். செலரியைக் கடலை அளவுக்கு நறுக்கி, தளதளவென்று கொதிக்கும் நீரில் அரை நிமிடம் போட்டு வடித்து, உடனே குளிர்ந்த நீரில் கொட்டுங்கள். திசுக்களுக்கு இடையில் இருந்த காற்று வெளியேறுவதால் பச்சை நிறம் பளிச்சென்று எழும். குளிர்நீர் அதை அங்கேயே நிறுத்தும். இரண்டையும் கலந்து, வறுத்த எள்ளின் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் வினிகர், உப்பு. சீனர்களின் எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது. நம் செக்கு நல்லெண்ணெய் சாதுவாக இருக்கும், அதை ஊற்றினால் வேறு பண்டம்தான் வரும், மோசமாக இருக்காது. வினிகரை மட்டும் சாப்பிட உட்காரும்போது சேருங்கள். முன்பே ஊற்றினால் அமிலம் பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு, நிறத்தைப் பழைய ராணுவச் சட்டை மாதிரி ஆக்கிவிடும்.

சீனமொழியில் செலரியைக் குறிக்கிற 'சின்' என்ற ஒலி உழைப்பைக் குறிக்கும் சொல்லுக்கும் பொதுவானது. அதனால் தென்சீனத்தில் நல்ல நாளில், படிக்கிற பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்று செலரி வைப்பதுண்டு. பரீட்சைக்குத் தயிர் கொடுத்து அனுப்புகிற நாம் சிரிக்க முடியாது.

கெட்ட காலத்தைத் தாண்டிப் போவது இன்னொரு வழி. ஐரோப்பியர்களும் ஈரானியர்களும் இந்தப் பக்கம். ஈரானில் செலரியை விரல் நீளத்துக்கு நறுக்கி, புதினாவோடும் பார்ஸ்லியோடும் எண்ணெயில் வதக்கி, இறைச்சிக் குழம்பில் நெடுநேரம் வேகவிட்டு, எலுமிச்சையோ காய் திராட்சைச் சாறோ சேர்த்துப் புளிப்பேற்றுவார்கள். இறைச்சி இல்லாமல் அதே முறையைச் சுருக்கலாம். வெங்காயத்தை நிதானமாக வதக்கி, விரல் நீளச் செலரியைப் போட்டு, அது மெல்லச் சிவந்து வரும்வரை புரட்டி, அரை டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி புதினா, மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம். முப்பதாவது நிமிடத்தில் எட்டிப் பார்த்து மனம் தளர வேண்டாம். நாற்பதைத் தாண்டும்போது தண்டு கரண்டிக்கு வழிவிடும், நெடி அடங்கி ஒரு மெல்லிய இனிப்பு வரும். சப்பாத்திக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு செலரிப் பண்டம் எனக்குத் தெரியாது. எலுமிச்சையை இறக்கியபிறகே பிழியுங்கள். புளி ஊற்றிவிட்டால் காய் வேகாது என்று பாட்டிமார் சொன்னது பெக்டினைப் பற்றித்தான். அமிலத்தில் அது இறுகிக்கொள்ளும்.

செலரியை மென்று செரிப்பதற்கு அது தருவதைவிட அதிகச் சக்தி செலவாகும், ஆகவே தின்னத் தின்ன இளைக்கலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது. 100 கிராமில் பதினைந்து கலோரி அளவுதான் என்பது சரி. ஆனால் செரிமானத்துக்கு அதில் ஒரு சிறு பங்குதான் போகும். கவலைப்பட வேண்டியது வேறொன்று. சிலருக்குச் செலரி கடும் ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய 14 பொருட்களில் இதுவும் உண்டு. வேகவைத்தாலும் அந்த ஆபத்து முழுக்கப் போகாது. வாய் அரித்தால், உதடு தடித்தால் விட்டுவிடுவதே நல்லது. அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரலாம். செலரி அறுவடை செய்பவர்களுக்கு அது தொழில்நோயாகவே அறியப்பட்டது.

எட்டுத் தண்டு தீர்ந்தபின்னும் இலை மிஞ்சும். தண்டைவிட வாசனை அதில்தான் அதிகம். கொத்தமல்லி தீர்ந்துபோன ஒரு நாள், மிளகு ரசத்தை இறக்கும்போது நான்கு இலையைக் கிள்ளிப் போட்டேன். சாப்பிட்டவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ரசம் மட்டும் இரண்டாம் முறை கேட்டார்கள்.