முருங்கை விதையும் கலங்கல் தண்ணீரும்

சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் கொல்லையில் முருங்கை வைத்திருப்பவர்கள் பலர். கீரை சமைக்கிறோம், காய் சமைக்கிறோம். மரத்திலேயே முற்றிக் காய்ந்த விதையைத்தான் குப்பையில் போட்டுவிடுகிறோம். அந்த விதை கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கும்.

தண்ணீரில் மிதக்கும் களிமண் துகள்களுக்கு எதிர் மின்னேற்றம் உண்டு. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை அடியில் படிவதில்லை. முருங்கை விதையின் புரதமோ நேர் மின்னேற்றம் கொண்டது. துகள்களை இழுத்துத் திரட்டிவிடும். சூடான் கிராமத்துப் பெண்கள் நைல் நதி நீரை இப்படித் தெளிய வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்ததும் இதற்காகத்தான்.

விதையின் தோலை உரித்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு இருக்கும். அதை நைசாக இடித்து, கொஞ்சம் நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கலங்கல் நீரில் ஊற்றுங்கள். முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கி, அசைக்காமல் வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் வண்டல் அடியில் இறங்கிவிடும். கிருமிகளில் பெரும்பகுதி வண்டலோடு போகும், எல்லாம் போகாது. குடிப்பதானால் கட்டாயம் கொதிக்க வையுங்கள், அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள்.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைத் தண்ணீருக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம். அந்த நீரில் கரைந்திருக்கக்கூடிய ஆர்செனிக் போன்ற நஞ்சை முருங்கை விதையால் முழுதாக அகற்ற முடியாது.

பெரிய அளவில் செடிகளைக் கொண்டே நீரைச் சுத்தம் செய்வதைப் பார்க்க வேண்டுமானால் புத்ராஜெயா போகலாம். அங்கே சுமார் 200 ஹெக்டேர் செயற்கைச் சதுப்புநிலத்தில், 24 பிரிவுகளாக நட்டிருக்கும் கோரையும் நாணலும் ஏரிக்குப் போகும் தண்ணீரை வடிகட்டி அனுப்புகின்றன.